டர்ட்டி கவ்: பூட்டு இருந்தும் புகுந்த திருடன்

2016 அக்டோபரில் லினக்ஸ் கர்னலில் ஒரு ஓட்டை அடைக்கப்பட்டது. பதிவு எண் சிவிஇ-2016-5195. ‘டர்ட்டி கவ்’ என்ற பெயர்தான் பிரபலம். ஒரு சர்வரில் சாதாரண கணக்கு வைத்திருக்கிற யாராக இருந்தாலும் சில நொடிகளில் ரூட் ஆகிவிடலாம். 2007-ல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து இந்த ஓட்டை இருந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே கர்னல்தான் என்பதால் அவையும் தப்பவில்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம், பூட்டு போட மறந்ததால் வந்த பிழை இல்லை இது என்பதுதான். பூட்டுகள் எல்லாம் இருந்தன. போட வேண்டிய இடத்தில் போட்டும் இருந்தார்கள். பிறகு எப்படி?

முதலில் கொஞ்சம் பின்னணி. கர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும்; வழக்கமாக ஒரு பக்கம் 4096 பைட். ஒரு கோப்பை எம்மேப் மூலம் ‘பிரைவேட்’ ஆக இணைத்துக்கொண்டால், படிக்கும்வரை எல்லாருக்கும் பொதுவான ஒரே பக்கம்தான் (பேஜ் கேஷில் இருப்பது). எழுதப் போனால் மட்டும் கர்னல் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும். இதுதான் காப்பி-ஆன்-ரைட், சுருக்கமாக கவ். மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொரு விசேஷ வழியும் உண்டு. ஒரு ப்ராசஸ் தன்னுடைய நினைவகத்தையே ஒரு கோப்பு மாதிரி ‘ப்ராக்’ அடைவில் திறந்து எழுதலாம். படிக்க மட்டுமே அனுமதி உள்ள பகுதியிலும் இந்த வழியில் எழுத முடியும். அநியாயமாகத் தோன்றும், ஆனால் டீபக்கருக்கு இது வேண்டும். பிரேக்பாயின்ட் வைப்பது என்றாலே படிக்க மட்டுமேயான நிரல் பகுதியில் ஒரு கட்டளையை மாற்றி எழுதுவதுதானே. நகலில்தான் எழுதப்படும் என்பதால் ஆபத்து இல்லை என்பது கணக்கு.

இந்த எழுத்து வேலை ஒரு சுழற்சியாக நடக்கும். ‘எழுதுவதற்கு ஒரு பக்கம் கொடு’ என்று கேட்கும், கிடைக்காது. பேஜ் ஃபால்ட் நடத்தி நகல் எடுக்கும். திரும்பக் கேட்டால் அப்போதும் கிடைக்காது, ஏனென்றால் அந்தப் பகுதிக்கு எழுதும் அனுமதியே இல்லை. இப்படியே விட்டால் முடிவில்லாமல் சுற்றும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்தார்கள்: நகல்தான் எடுத்தாச்சே, இனிமேல் ‘எழுத’ என்ற கொடியை எடுத்துவிட்டு, படிப்பதற்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் திருடன் வருகிறான். அதே ப்ராசஸின் இன்னொரு த்ரெட், மேட்வைஸ் அழைப்பில் ‘இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நகல் எடுத்த பிறகு, மறுபடி கேட்பதற்கு முன், அந்தச் சின்ன இடைவெளியில் நகல் தூக்கி எறியப்படுகிறது. முதல் த்ரெட் திரும்பக் கேட்கும்போது பக்கம் இல்லை, மறுபடி ஃபால்ட். ஆனால் இப்போது எழுதும் கொடி இல்லையே. வெறும் படிப்புக் கோரிக்கை என்று நினைத்து கர்னல் மூலப் பக்கத்தையே கையில் கொடுத்துவிடுகிறது. அதில் எழுதியும் விடுகிறது. ரூட்டுக்குச் சொந்தமான பாஸ்வேர்டு கோப்பாக அது இருந்தால்? கதை முடிந்தது.

பூட்டுகள் என்ன செய்துகொண்டிருந்தன? ப்ராசஸின் நினைவக வரைபடத்துக்கு எம்மேப்-செம் என்ற பூட்டு இருந்தது. இரண்டு த்ரெட்டுமே அதை ‘படிக்க’ என்ற முறையில்தான் எடுத்தன, ஆகவே ஒன்றையொன்று தடுக்கவில்லை. எல்லாரும் தனியுரிமையோடு எடுக்க வேண்டும் என்று வைத்தால், நூறு த்ரெட் ஓடும் டேட்டாபேஸில் ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் க்யூ நிற்கும். யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பக்க அட்டவணைக்கு உள்ளது ஸ்பின்லாக். ஃபால்ட் நடக்கும்போது டிஸ்கிலிருந்து படிக்கக் காத்திருக்க நேரலாம். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு படிக்கும் நடுவில் அதை விட்டுத்தான் ஆக வேண்டும். பக்கத்துக்கென்று தனியாக உள்ள பூட்டும் உதவாது. அது காப்பது ஒரு பக்கத்தை. இங்கே கேள்வியே எந்தப் பக்கம் என்பதுதான்.

ஆக, ஒவ்வொரு படியும் தனித்தனியாகச் சரி. ‘நகல் எடுத்தாச்சு’ என்ற தகவல்தான் பூட்டு விடுபட்ட பிறகும் உண்மை என்று நம்பப்பட்டது.

லினஸ் டோர்வால்ட்ஸ் இதை 2005-லேயே ஒருமுறை சரிசெய்யப் பார்த்தார். ஐபிஎம்மின் எஸ்390 மெயின்ஃப்ரேமில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அப்போது அது ஏட்டளவில் மட்டுமே சாத்தியமான பந்தயம். பிற்பாடு நினைவக நிர்வாகம் பல ப்ராசஸர்களுக்கு ஏற்ப மேம்பட மேம்பட, ஜெயிப்பது சுலபமாகிவிட்டது. வேகம் கூட்டியவர்கள் திருடனுக்கும் வழி அகலப்படுத்தினார்கள் என்று சொல்லலாம்! 2016-ல் ஃபில் ஓஸ்டர் என்பவர், தன் சர்வருக்கு வந்த எச்டிடிபி போக்குவரத்தைச் சேமித்து வைத்திருந்ததால், தாக்குதல் நிரலே கையில் சிக்கியது.

திருத்தத்தில் புதுப் பூட்டு எதுவும் இல்லை. எழுதும் கொடியை எடுக்காமல், ‘நகல் எடுத்தாச்சு’ என்று இன்னொரு கொடி சேர்த்தார்கள். அதையும் அப்படியே நம்பாமல், பக்க அட்டவணைப் பதிவில் ‘டர்ட்டி’ பிட் இருக்கிறதா என்று அந்தக் கணத்தில், பூட்டுக்குள் வைத்தே பார்த்தார்கள். நகலுக்கு அந்த பிட் இருக்கும். படிப்பதற்காகக் கொண்டுவந்த மூலப் பக்கத்துக்கு இருக்காது. அப்படியானால் முதலிலிருந்து சுற்று.

2017-ல் இதற்கும் ஒரு விதிவிலக்கு கண்டுபிடித்தார்கள். 2 எம்பி அளவிலான பெரிய பக்கங்களுக்கான ஒரு பாதையில், சும்மா படித்தாலே கர்னல் டர்ட்டி பிட்டைப் போட்டுவிட்டது. பாதிப்பு முன்புபோல் பெரிதில்லை, டிஸ்கில் உள்ள சாதாரணக் கோப்புகளை மாற்ற முடியாது. பெயர் மட்டும் ‘ஹியூஜ் டர்ட்டி கவ்’.