நகரும் நகரம் – 9: கடை சாத்தும் நேரமும் கடைசி ரயிலும்

சென்ற வாரம் புத்ராஜெயா அலுவலர்களின் பயணத்தைப் பார்த்தோம். அவர்கள் மாலையிலேயே வீடு திரும்புகிறவர்கள். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் காலை பத்து மணி வாக்கில்தான் சூடு பிடிக்கும். கதவு சாத்த இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும்.

ரயிலுக்கு இங்கே குறைவில்லை. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி தடங்கள் சந்திக்கின்றன. அம்பாங் தடம் 1996-இல் ஓடத் தொடங்கியது. கிளானா ஜெயா தடம் 1999-இல் இங்கே வந்து சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ்வாசி கேஎல் சென்ட்ரலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். அவர் காரை எடுப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

கிள்ளானிலிருந்து வருகிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கொமியூட்டர் ரயிலில் ஏறி பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண், இரவு பத்து மணிக்கு அந்த மேடையில் நிற்கிறாள். கிள்ளானில் இறங்கிய பிறகு தாமானுக்குப் போக பஸ் கிடைக்குமா என்பது அடுத்த கவலை. கடன் வாங்கியாவது அவள் வீட்டில் ஒரு கார் வாங்குவதில் வியப்பில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் டோல் கட்டணமும் 2018 தொடக்கத்திலேயே ரத்தாகிவிட்டது. பெட்ரோலுக்கோ அரசு மானியம் இருக்கிறது.

காரின் செலவு நகருக்குள் வந்த பிறகுதான் உறைக்கும். 2016-இல் மாநகர மையத்தில் தெருவோரப் பார்க்கிங் கட்டணம் முதல் மணி நேரத்துக்கு 2 ரிங்கிட், பிறகு மணிக்கு 3 ரிங்கிட் என்று உயர்ந்தது. அந்தக் கணக்கில் பத்து மணி நேரத்துக்கு 29 ரிங்கிட். ரேபிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் மாதம் முழுக்கப் போய்வர மை50 பாஸின் விலையே 50 ரிங்கிட்தான். அது குடிமக்களுக்கு மட்டும் என்பது வருத்தம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இதே தெருவில் உழைப்பவர்கள் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறார்கள். சாலையில் ஒரு காரைக்கூடக் கூட்டாதவர்கள் அவர்கள்.

கோலாலம்பூர் வட்டார மக்கள் ஆண்டுக்கு 25 கோடி மணி நேரத்துக்கு மேல் ஜாமில் கழிப்பதாக உலக வங்கி 2015-இல் சொன்னது. தனியாகக் கார் ஓட்டாதீர்கள் என்று தொழிலாளியிடம் மட்டும் சொல்லி இதை மாற்ற முடியாது.

கடை முதலாளிகளே, கிள்ளான் பக்கம் போகிற உங்கள் ஆட்களை ஒரே ஷிஃப்டில் போடுங்கள். நான்கு பேர் ஒரே காரில் போகட்டும். எல்ஆர்டியில் வருகிறவருக்குப் பாஸ் எடுத்துக் கொடுங்கள். ரயில் ஏற வேண்டியவரை அரை மணி முன்னதாக அனுப்புங்கள். ரயில் நிர்வாகமும் இந்தத் தெரு கதவு சாத்தும் நேரத்தைப் பார்த்து இரவு அட்டவணையைப் போட வேண்டும்.