ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்த புழுக்கள்

1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மேற்கு ஃபால்மத் கரைக்கு அருகே ‘ஃபுளோரிடா’ என்ற எண்ணெய்ப் படகு தரைதட்டியது. கொட்டிய எரிபொருளில் கடலடிச் சேற்று உயிர்கள் மடிந்தன. வெறுமையான அந்தச் சேற்றில் ஒரு புழு மட்டும் வெகுவேகமாகப் பெருகியது. அதன் பெயர் கேபிடெல்லா கேபிடேட்டா.

பாலிகீட் எனப்படும் முள்மயிர்ப் புழுக்களில் ஒன்று இது. கழிவு சேரும் துறைமுகங்களில் உலகெங்கும் இதே பெயர் பதிவானதால், கடல் மாசின் அடையாளமாகவே இதைக் கொண்டார்கள். அங்கேதான் சிக்கல். ஆய்வாளர்களான ஜூடித் கிராஸில், ஃபிரெடெரிக் கிராஸில் தம்பதி இப்புழுக்களின் நொதிகளை ஒப்பிட்டார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவற்றில் 6 தனிச் சிற்றினங்கள் இருப்பதாக 1976இல் அறிவித்தார்கள். அவற்றின் இனப்பெருக்க முறைகளும் வேறுபட்டன.

குழப்பத்தின் வேர் பழையது. கிரீன்லாந்தில் பணியாற்றிய டேனிஷ் மதபோதகர் ஓட்டோ ஃபப்ரீசியஸ் 1780இல் இப்புழுவை விவரித்தபோது, மண்புழுவின் பேரினமான லும்பிரிகஸில் சேர்த்தார். தோற்றமும் அப்படித்தான். கேபிடெல்லா என்ற பேரினத்தைப் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளேன்வில் 1828இல் உருவாக்கினார். சிற்றினம் இப்படிப் பேரினம் மாறினால், முதலில் விவரித்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது விலங்குப் பெயரிடல் விதி. ஃபப்ரீசியஸ் பெயர் இன்றும் அப்படியே எழுதப்படுகிறது.

அடையாளம் காண்பதும் எளிதல்ல. கேபிடெல்லாவின் குடும்பத்தில் பேரினங்களைப் பிரிப்பது முன்னுடலின் கண்டங்களையும், எந்தக் கண்டத்தில் மெல்லிய மயிர், எந்தக் கண்டத்தில் கொக்கி என்பதையும் வைத்துத்தான். புழு வளர வளர இந்த வரிசை மாறும். இளம் புழுவை மட்டும் பார்த்தால் தேர்ந்த கண்ணும் ஏமாறும்.

2009இல் ஆய்வாளர் ஜேம்ஸ் பிளேக் கிரீன்லாந்துப் புழுவை மீண்டும் விவரித்து, அந்தப் பெயருக்கு அடிப்படையாகப் புதிய வகைமாதிரி ஒன்றையும் நிறுவினார். கிராஸில் தம்பதியின் முதலாம் சிற்றினம் அதே ஆண்டில் கேபிடெல்லா டெலெட்டா எனப் பெயர் பெற்றது. 2013இல் அதன் மரபணுத் தொகுதியும் வெளியானது.

இந்தியத் துறைமுக ஆய்வுகளிலும் கேபிடெல்லா கேபிடேட்டா என்ற பெயர் வருகிறது. பனிக்கடலோரப் புழுவும் நம் வெப்பக் கடல் புழுவும் ஒன்றே என்று நம்புவது கடினம். ஒவ்வொரு சிற்றினமும் மாசைத் தாங்கும் அளவு வேறாக இருக்கலாம். ஆகவே நம் ஆய்வாளர்கள் மாதிரிகளை அருங்காட்சியகத்தில் பாதுகாத்து, டிஎன்ஏவையும் பதிவுசெய்த பிறகே பெயர் எழுத வேண்டும்.