விஞ்ஞான உபாத்தியாயரின் கடமை

பரீக்ஷையில் மாணவர்களைத் தேற்றிவிடுவதோடு விஞ்ஞான உபாத்தியாயரின் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவர்கள் பேராசிரியர் எம். கே. பிரஸாத் அவர்களின் வாழ்க்கையைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

எர்ணாகுளம் மகாராஜா கலாசாலையில் தாவர சாஸ்திரம் போதித்து, அதன் தலைமைப் பதவியையும் வகித்தவர் இவர். பாலக்காட்டு மலைகளில் ஓடும் குந்திப்புழையைத் தடுத்து 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் யோசனைக்கு 1973-ல் திட்டக் கமிஷன் சம்மதமளித்தது. அணை எழுந்தால் அமைதிப் பள்ளத்தாக்கின் பழங்காட்டில் 800 ஹெக்டேருக்கு மேல் நீரில் மூழ்கும். பிரஸாத் வாளாவிருக்கவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பத்திரிகையில் இதை எடுத்தெழுதினார். பரிஷத் அதை ஜனங்களிடம் கொண்டு சென்றது.

மின்சாரம் கேட்டவர்களைப் பழிப்பதற்கில்லை. மலபாரில் தொழில் வளர அது வேண்டியிருந்தது. பரிஷத்துக்குள்ளேயே அபிப்பிராய பேதம் எழுந்தது. பிரஸாத் முதலியோர் அளித்த விடை கூச்சலன்று, கணக்கு. உயிரியல், பொறியியல், பொருளாதாரம் அறிந்தோர் ஒன்றுகூடி, திட்டத்தின் லாப நஷ்டங்களை ஆராய்ந்து 1979-ல் அறிக்கை வெளியிட்டனர். மலபாரின் தேவையை வேறு வழிகளில் நிறைவேற்றலாமென்று காட்டினர். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. பிரஸாத் 2022-ல் காலமானார்.

இதில் நமக்கென்ன என்று கேட்போர் பொம்மையார்பாளையத்துக் கடற்கரைக்குச் சென்று பார்க்கட்டும். ஆறுகள் கொண்டுவரும் மணலே கரைக்கு உயிர். கடலோட்டம் அம்மணலை வடக்கே தள்ளிச் செல்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. மணல் வரவு குன்றவே, துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள கரைகளை அலை அரித்துவருகிறது. இவ்வூர் மீனவர்களின் வீடும் வலையும் அக்கரையை நம்பியன்றோ இருக்கின்றன!

ஆண்டுதோறும் கரை எத்தனை அடி குறைகிறதென்று பள்ளிப் பிள்ளைகள் கயிறு பிடித்து அளந்து, தேதியிட்டு எழுதிவைக்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வழிகாட்டும் உபாத்தியாயர் ஒருவர் போதும். அவ்வளவு இன்று பாடம், நாளை சாட்சியம். நியாய ஸ்தலங்களில் பழகிய நாம் ஒன்றை அறிவோம்: சாட்சியமில்லாத குறை எவ்வளவு உண்மையானதாயினும் தோற்றுப்போகும். கணக்கறிந்த ஜனங்களைக் கலந்துகொள்ளாமல் எந்த ராஜாங்கமும் ஆற்றையோ கரையையோ பற்றி எளிதில் முடிவு செய்ய இயலாது. அத்தகைய ஜனங்களை உண்டாக்குவதே உபாத்தியாயர்கள் செய்யத்தக்க தேசத் தொண்டு என்பது நமது துணிபு.