பேர் போடும் கையும் கேட்கும் காதும்

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்கிறோம். நிர்ணயித்த கொழுந்தை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இது அன்றாடப் பேச்சு. ஆனால் பேர் போடப்படும் பெண்ணின் குரல் எங்கே பதியப்படுகிறது?

பெருந்தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆணுக்கு நிகரான சம்பளம் அவர்களுக்குக் கிடைத்ததே 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர்தான். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. முதலாளி மாறினாலும் கட்டளை வரும் பாதை மாறவில்லை. துரை வெளிக்கள உத்தியோகத்தருக்கும், அவர் கணக்கப்பிள்ளைக்கும், அவர் கங்காணிக்கும் சொல்ல, கடைசியாகக் கேட்பவள் கூடை சுமப்பவள். மேலிருந்து இறங்கும் சொல்லுக்கு நான்கு படிகள் உண்டு. கீழிருந்து ஏறும் சொல்லுக்கு ஒரு படியும் இல்லை.

எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டால் பிரட்டுக்களத்தில் அறிவிப்பு வரும், காரணம் வராது. சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தீர்கள் என்று தராசடியில் கேட்பவளுக்கு 'வாயாடி' என்ற பட்டம் கிடைக்கும். மறுநாள் அவளுக்கு ஒதுக்கப்படுவது கொழுந்து குறைந்த நிரையாக இருக்கும். அதைப் பார்த்த மற்றப் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஒதுக்கல் இப்படிச் சத்தமின்றியே நடக்கிறது. இதற்குக் கங்காணியை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியன்று. அவரும் மேலிடத்துக்கு அஞ்சுபவரே. அஞ்சுபவர் காது கொடுப்பதில்லை, சத்தம்தான் போடுவார்.

சங்கத்திலாவது நிலைமை வேறா? 1930களில் கோ. நடேசய்யரோடு அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகச் சென்று, பாடியும் பேசியும் தொழிலாளரைத் திரட்டினார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் குரல் ஒலித்திருக்கிறது. ஆயினும் தோட்டத் தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்களே. சந்தா பெண்ணின் சம்பளத்திலிருந்தும் வெட்டப்படுகிறது. கூட்டமோ அவள் தண்ணீர் எடுத்து அடுப்பு மூட்டும் மாலை நேரத்தில் கூடுகிறது.

மாற்றம் இயலாததன்று. கெயார் நிறுவனத்தின் முயற்சியால் சில தோட்டங்களில் சமூக அபிவிருத்தி மன்றங்கள் உருவாயின. நிர்வாகமும் சங்கங்களும் தொழிலாளரும் அங்கே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். சில தோட்டங்களில் பெண்களும் கங்காணிகளாகியுள்ளனர். ஆனால் பதவி மட்டும் போதாது. பழைய அதட்டலையே பெண் கங்காணியும் கைக்கொண்டால் பயன் என்ன?

நாம் கேட்பவை பெரிய செலவில்லாதவை. கட்டளையோடு காரணமும் சொல்லப்படட்டும். தராசின் முள் அவள் கண்ணுக்குத் தெரியட்டும். கழிவு வாய்விட்டுச் சொல்லப்படட்டும். அறிவித்தல்கள் தமிழில் ஒட்டப்படட்டும். வாசிக்கத் தெரியாதோருக்கு வாசித்துக் காட்டப்படட்டும். சங்கக் கூட்டம் பெண்கள் வரக்கூடிய வேளையில் கூடட்டும். முறையிட்டவளுக்குப் பதில் கிடைக்கும் நாள் குறிக்கப்படட்டும்.

நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அறிந்தவன் என்று கோவிலில் போதிக்கிறோம். தோட்டத்தில் பேர் போடுபவர் அந்தப் பேருக்குரியவளையும் அறியட்டும். தலைமை என்பது அங்கிருந்தே தொடங்குகிறது.