மீன் விடும் முன் தொட்டி பழக வேண்டும்! பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது?



சென்னை கொளத்தூர்ப் பக்கம் போனால் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். இடம் கொஞ்சம் போதும், வீட்டு வேலைக்கு நடுவிலேயே கவனிக்கலாம் என்பதால் நம் குழுக்களிலும் சிலர் இந்தத் தொழிலை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் கூட்டத்துக்குப் போகும் இடத்திலெல்லாம் ஒரே புலம்பல்: "தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு மேடம். மீனு மட்டும் பத்து நாள்ல செத்து மிதக்குது. யார் கண்ணு பட்டுச்சோ!"

கண்ணும் படவில்லை, கைராசியும் இல்லை. புதுத் தொட்டி பழகுவதற்கு முன்பே மீனை விட்டதுதான் காரணம். மீன் விடாமலே தொட்டியை எப்படிப் பழக்குவது, அந்தப் பழக்கம் நடுவில் நின்றுபோனால் எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

புதுத் தொட்டியில் நடப்பது என்ன?

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறுகின்றன. அமோனியா மீனுக்கு விஷம். அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், அது மீனின் இரத்தத்தில் மூச்சுக்காற்று சேரவிடாமல் தடுக்கும். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

இந்த இரண்டு வகை நுண்ணுயிர்களும் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு இருக்காது. பெருகுவதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

எப்படிப் பழக்குவது?

1. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வடிகட்டியையும் காற்றுக் குழாயையும் இரவு பகல் ஓட விடுங்கள்.

2. நுண்ணுயிர்களுக்கு இரை வேண்டும். வேதிப்பொருள் கடையில் சுத்தமான அமோனியம் குளோரைடு கிடைக்கும். நவச்சாரம் என்று நாம் சொல்வது இதைத்தான். பாத்திரத்துக்கு ஈயம் பூச விற்பதில் அழுக்கு கலந்திருக்கலாம், அது வேண்டாம். 10 கிராம் பொடியை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு இந்தக் கரைசலில் 60 மில்லி ஊற்றினால், அமோனியா லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். சோதனைக் கிட்டில் இதைத்தான் 2 பி.பி.எம். என்று போட்டிருப்பார்கள்.

3. நன்றாக ஓடும் பழைய தொட்டி பக்கத்தில் யாரிடமாவது இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள். உறைமோர் இதுதான். நாட்கள் நிறைய மிச்சமாகும். பஞ்சு காயாமல் அதே தொட்டித் தண்ணீரில் போட்டு எடுத்து வர வேண்டும். மீனுக்கு நோய் வந்த தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

4. இரண்டு நாளைக்கு ஒருமுறை அமோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் சோதித்து நோட்டில் எழுதுங்கள். அமோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகே மறுபடி பாதி அளவு கரைசல் ஊற்றவும்.

கவனம்: வயலுக்குப் போடும் யூரியாவைப் போட வேண்டாம். அது உடனே அமோனியாவாக மாறாது, அளவும் தெரியாது. அமோனியம் குளோரைடைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நின்றுபோய்விட்டதா?

முதல் வாரம் பத்து நாள் அமோனியா அப்படியே இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் அசையவில்லை, அல்லது நைட்ரைட் ஏறியது மூன்று வாரமாக இறங்கவே இல்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

குளோரின்: பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் கிருமி சாகத்தான் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரை நேரே ஊற்றினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிரும் செத்துவிடும். அகலமான அண்டாவிலோ டிரம்மிலோ பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துக் காற்றுக் குழாயும் ஓடவிட்ட பிறகு ஊற்றுங்கள்.

பி.எச். இறங்கிவிட்டதா: நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய தண்ணீரின் காரத்தன்மை செலவாகி, புளிப்பு ஏறும். பி.எச். 6.5க்குக் கீழே போனால் வேலை மந்தமாகும். 6க்குக் கீழே ஏறக்குறைய நின்றே போகும். மழைத் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். சலவை சோடாவோ பேக்கிங் பவுடரோ வேண்டாம். தொட்டியில் மீன் இருந்தால் இதை இப்படிச் செய்யக் கூடாது. பி.எச். திடீரென்று ஏறும்போது அமோனியாவின் விஷமும் கூடும்.

புது சிமெண்ட் தொட்டியா: இங்கே கதை தலைகீழ். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச். 10 வரைகூடப் போகும். அதில் நுண்ணுயிர் பிடிக்காது. வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை வடித்து மாற்றுங்கள். பி.எச். 8.5க்குக் கீழே நிலையாக நின்ற பிறகே பழக்க ஆரம்பியுங்கள்.

இரை அதிகமா: "சீக்கிரம் ஆகட்டும்"னு கூடுதலாக ஊற்றினால் எதிர்மாறாகத்தான் நடக்கும். அமோனியா 5 பி.பி.எம்.க்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

காற்று போதுமா: இந்த நுண்ணுயிர்களுக்கு நம்மைப் போலவே மூச்சுக்காற்று வேண்டும். "கரண்ட் பில்லு ஏறுது"ன்னு ராத்திரியில் மோட்டாரை நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் பேட்டரியில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்று வைத்திருங்கள்.

பஞ்சைக் குழாயடியில் கழுவினீர்களா: நம்மவர்களுக்குச் சுத்தம் அதிகம். வழவழப்பாக இருக்கிறதே என்று பஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவோம். அந்த வழவழப்பில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன! பழகும் காலத்தில் பஞ்சைத் தொடவே வேண்டாம். பிறகும்கூட, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசினால் போதும். மீன் நோய்க்கான மருந்துகளையும் இந்தக் காலத்தில் ஊற்றாதீர்கள்.

குளிரா: 25 முதல் 30 டிகிரி வெப்பம் நல்லது. மார்கழியில் தயிர் தாமதமாக உறைவது போல இதுவும் தாமதமாகும். மலைப்பகுதிச் சகோதரிகள் இன்னும் சில வாரம் கூடுதலாகக் கணக்கு வையுங்கள்.

தண்ணீர் பச்சையாகிவிட்டதா: வெயில் படும் தொட்டியில் பாசி வந்து அமோனியாவைத் தின்றுவிடும். அமோனியா குறையும், ஆனால் நைட்ரைட் வராது. பழகிவிட்டது என்று ஏமாற வேண்டாம். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள்.

நைட்ரைட் மட்டும் இறங்கவில்லையா: இரண்டாவது வகை நுண்ணுயிர் மெதுவாகத்தான் பெருகும். நைட்ரைட், கிட்டின் கடைசி நிறத்திலேயே நின்றால் கரைசல் ஊற்றுவதைச் சில நாள் நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றி, பி.எச். பாருங்கள். ஒரு சிட்டிகை மீன் தீனியும் போடுங்கள். நுண்ணுயிருக்குத் தேவையான பாஸ்பரஸ் சத்து அதில் கிடைக்கும்.

எப்போது மீன் விடலாம்?

2 பி.பி.எம். அளவுக்குக் கரைசல் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் சோதியுங்கள். அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி பழகிவிட்டது. ஒன்று பூஜ்யம், மற்றது இல்லை என்றால் இன்னும் பொறுங்கள். பழகிய பின் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றினால் சேர்ந்திருக்கும் நைட்ரேட் குறையும். பிறகு தாமதிக்காமல் மீன் விடுங்கள். இரை இல்லாமல் விட்டால் நுண்ணுயிர் குறைந்துவிடும். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் வகைகள் தொடக்கத்துக்கு ஏற்றவை.

கடன் கணக்கையும் பாருங்கள்

தொட்டி பழகும் முன் மீன் விடுவதற்கு அவசரம் மட்டும் காரணமில்லை, தவணையும் காரணம். கடன் வாங்கிய அடுத்த மாதமே வட்டியும் அசலும் கட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுமை வரும்? அதனால் உள்கடன் தீர்மானம் எழுதும்போதே, தொட்டி பழக ஒன்றரை மாதம், மீன் விற்பனைக்கு வளர மேலும் சில மாதம் என்று கணக்கிட்டு முதல் தவணையைத் தள்ளி வையுங்கள். கடனையும் இரண்டு பங்காகக் கொடுக்கலாம். முதலில் தொட்டிக்கும் மோட்டாருக்கும் கொடுங்கள். சோதனையில் இரண்டும் பூஜ்யம் வந்ததைக் குழு பார்த்த பிறகு மீனுக்குக் கொடுங்கள். சோதனைக் கிட் ஆளுக்கு ஒன்று தேவையில்லை. குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கி, ஊக்குநரோ பிரதிநிதியோ பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி, மானியம் பற்றி உங்கள் மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் குழுவாகப் போய்க் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். தொட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் நோட்டை எடுத்து வாருங்கள். எந்த இடத்தில் நின்றது என்று சேர்ந்து பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நினைவில் வையுங்கள்: ஆறு வாரம் பொறுத்தால் தொட்டி காலியாக இருக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டால் மீனும் போகும், கடன் மட்டும் நிற்கும்.