உயிர்க்காவல் – 9: கரையில் நிற்பவர்தான் முதல் வைத்தியர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். இரண்டையும் சேர்த்துத்தான் பிளவக்கல் அணை என்கிறோம். வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களும் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2025இல் பக்கத்து ஊரான கூமாபட்டியைப் பற்றிய ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கப் பரவிய பிறகு, இந்தப் பெயர்கள் தெரியாதவர்களே குறைவு.

தண்ணீரைக் கண்டால் இறங்கத் தோன்றும். ஆனால் அணைத் தண்ணீரில் அடுத்த அடி எவ்வளவு ஆழம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அடியில் சேறும் இருக்கும், பாறையும் இருக்கும். ஒருவர் மூழ்கிவிட்டார் என்று வையுங்கள். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் கூமாபட்டி தாண்டி மலையடிவாரம் வரை வந்தாக வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போக வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சேர வேண்டும். பிராணவாயு கிடைக்காத மூளை நாலைந்து நிமிடங்களிலேயே சேதமாகத் தொடங்கிவிடும். இந்தக் கணக்கு எந்த ஆம்புலன்ஸுக்கும் கட்டுப்படியாகாது. அந்த நிமிடங்களில் அங்கே இருப்பவர்கள் மீன் பிடிப்பவர், ஆடு மேய்ப்பவர், கூட வந்த தங்கை. அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் உயிர் நிற்கும்.

உலகில் முதலுதவி ஓர் இயக்கமாக வளர்ந்ததே நீர்க்கரையில்தான். கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாமில், நீரில் மூழ்கியவர்களைக் காப்பதற்கென்றே 1767இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனில் இன்னொன்று. மூழ்கியவர் செத்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் முயன்றால் பிழைப்பார் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதை அப்போதே பரிந்துரைத்தார்கள். இன்று நாம் சிபிஆர் என்று சொல்லும் நெஞ்சழுத்த முறை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களின் ஆய்வு 1960இல் வெளியான பிறகே பரவியது.

போன வாரம் மாரடைப்பைப் பார்த்தோம். அதில் சிலருக்குத் திடீரென இதயம் நின்றுவிடும். ரத்தத்தில் பிராணவாயு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் முதல் சில நிமிடங்களுக்கு நெஞ்சை அழுத்தினாலே போதும். நீரில் மூழ்கியவருக்கு நேர்வது வேறு. முதலில் மூச்சு நிற்கிறது. பிராணவாயு தீர்ந்த பிறகுதான் இதயம் நிற்கிறது. ஆகவே அவருக்கு மூச்சும் கொடுத்தாக வேண்டும்.

கரையேற்றியதும் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சில்லை, அல்லது எப்போதாவது ஒரு திணறல் மட்டும் வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். ஒருவர் 108ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடட்டும். நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் பொருத்தி ஊதுங்கள். நெஞ்சு மேலெழ வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து முறை ஊதிய பின், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், 6ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. கை ஓயும், அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மூச்சு கொடுக்க முடியாதவர் அழுத்திக்கொண்டாவது இருங்கள். சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நம் ஊர்களில் இன்னும் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். தலைகீழாகத் தூக்கி உலுக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடுப்பது. வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து கூடுகிறது. அதைவிடக் கொடுமை, மூச்சுக்கு உரிய நிமிடங்கள் அதிலேயே கரைகின்றன. தானாக வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

இன்னொன்று. நீச்சல் தெரியாமல் பாசத்தில் குதிப்பவரும் சேர்ந்து போய்விடுகிறார். கம்பை நீட்டுங்கள், வேட்டியையோ சேலையையோ முறுக்கி வீசுங்கள், காலி பிளாஸ்டிக் குடத்தை எறியுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் விடாதீர்கள். சில மணி நேரத்தில் மூச்சுத்திணறல் கூடலாம்.

இதெல்லாம் சாமானியர்களால் முடியுமா? டென்மார்க் செய்து காட்டியிருக்கிறது. 2005இல் சிபிஆர் பயிற்சியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார்கள். மறு ஆண்டு ஓட்டுநர் உரிமம் பெறவும் கட்டாயமாக்கினார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், பக்கத்தில் இருந்தவரிடம் சிபிஆர் பெற்றவர்கள் 2001இல் 21 சதவீதம், 2010இல் 45. முப்பது நாள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் அதே காலத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள்.

வத்திராயிருப்பு வட்டாரப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இதைக் கற்றுத் தரட்டும். அணையில் வேலை பார்ப்பவர்கள், வனக்காவலர்கள், கரையோரக் கடைக்காரர்கள், மகளிர் குழுவினர் என்று ஆளுக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். வருடம் ஒருமுறை மறுபடி பழகினால் கை மறக்காது. அணைக்கரையில் நீண்ட கயிறும் காற்றடைத்த டியூபும் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கட்டும். உலக நீரில் மூழ்கல் தடுப்பு நாள் ஜூலை 25. அந்த நாளுக்குள் பிளவக்கலில் முதல் பயிற்சியை நடத்த எந்த ஊராட்சி, எந்தப் பள்ளி முன்வரும்? கேட்டுவிட்டுக் காத்திருக்காமல், நீங்களே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

அடுத்த வாரம்: வயல் வரப்பில் பாம்பு கடித்தால்.

(தொடரும்)