வீட்டுக்குள் வெள்ளம் வருமுன்



கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்கு வெள்ளம் வராது என்றே ஊரிலிருந்து வந்த நம்மில் பலர் எண்ணியிருந்தோம். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த 131 மில்லிமீட்டர் மழை அந்த எண்ணத்தைக் கலைத்தது. அப்பொழுது நகரின் கிழக்குப் பகுதியில் மக்களை டிராக்டர்களிலும் படகுகளிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2025 மே 18ஆம் தேதி இரவு, நம் லிங்கராஜபுரத்துக்கு வெகு தூரமில்லாத ஹொரமாவு சாய் லேஅவுட்டின் தெருக்கள் மூழ்கின. ஏரிக்கு ஏரி நீரைக் கொண்டுசென்ற ராஜகாலுவேக்கள் குறுகிப்போனபடியால், மழைநீர் தாழ்வான வீடுகளைத் தேடி வருகிறது.

இவ்வளவு ஜெபிக்கிற நாம் மழைக்காக ஆயத்தம்பண்ணுவது அவிசுவாசமாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. நோவா மழையைக் கண்டபிறகு பேழையைத் தொடங்கவில்லை. அந்த ஆயத்தத்தையே வேதம் விசுவாசம் என்று எண்ணுகிறது.

நம் நகரில் வெள்ளத்தைவிட, வெள்ளத்தில் பாயும் மின்சாரத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். 2025 மே 19ஆம் தேதி, பி.டி.எம். லேஅவுட் அருகே என்.எஸ். பாளையாவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் தாக்கி, 63 வயதுப் பெரியவர் ஒருவரும் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் மரித்தார்கள்.  ஆகவே வாசலில் நீர் ஏறத் தொடங்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பல வாடகை வீடுகளில் மீட்டர் பெட்டி படிக்கட்டின் அடியிலே இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று கணவன் மட்டுமல்ல, மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருக்கவேண்டும். நீர் பெட்டியைத் தொட்டுவிட்டாலோ, நீங்கள் நீரில் நின்றுகொண்டிருந்தாலோ அதன்மேல் கைவைக்கவேண்டாம். பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லிவிட்டு விலகியிருங்கள். சமையல் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள். உயிருக்கு ஆபத்தெனில் 112.

நான் மேலே சொன்ன இரண்டு மழைகளும் ஞாயிறு இரவில் பெய்தவை. 2023 மே 21ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமையே. அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்குள் குடும்பத்தோடு காரில் சென்ற 22 வயது மகள் ஒருத்தி உயிரிழந்தாள். நியாயத்தீர்ப்பு என்று யாரும் பேசவேண்டாம். ஞாயிறு என்பது நாம் குடும்பமாய் வெளியே இருக்கும் நாள், அவ்வளவுதான். மாலை ஆராதனை முடிந்ததும் மழை கடுமையாயிருந்தால் சபையிலேயே தங்குங்கள். ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். ரயில் பாதைக்கு அடியிலுள்ள வழிகளில் நீர் தேங்கியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது சம்ப். வெள்ளநீரோடு சாக்கடையும் அதற்குள் இறங்கிவிடும். முழுவதும் இறைத்து, பிளீச்சிங் பவுடரால் கழுவுமட்டும் அந்த நீரைச் சமையலுக்கு எடுக்கவேண்டாம். வெள்ளத்தில் நடந்தவருக்குச் சில நாட்களில் காய்ச்சல் கண்டால், எலிக்காய்ச்சலாயிருக்கலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

2015 சென்னை வெள்ளத்துக்குப் பின், சான்றிதழ்களை இழந்தோருக்காகத் தமிழக அரசு சிறப்பு முகாம்களையே நடத்தவேண்டியதாயிற்று. நமக்கோ, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றை மறுபடி வாங்க, வேலையை விட்டுத் தமிழ்நாட்டுக்கு அலையவேண்டும். எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, பரணில் வையுங்கள். கட்டிலுக்கடியில் உள்ள டிரங்குப் பெட்டியில் அல்ல. ஞானஸ்நானச் சான்றிதழும் அதிலே இருக்கட்டும். மருந்துச்சீட்டு, டார்ச் விளக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் சேர்த்துவையுங்கள்.

வீட்டு ஜெபக் குழுத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. தரைத்தளத்தில் தனித்திருக்கும் விதவைத் தாய்மார் யார், நடக்கமுடியாதவர்கள் யார், அவர்களை எந்த மாடி வீட்டுக்கு அழைத்துவருவது என்பதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.

புதிதாய் வீடு பார்ப்போர், அட்வான்ஸ் கொடுக்குமுன், கடந்த மழையில் நீர் எதுவரை ஏறிற்று என்று எதிர்வீட்டாரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் புதுச் சுண்ணாம்பு அடித்திருப்பார். பக்கத்துச் சுவரின் கறையைப் பாருங்கள்.